எலுமிச்சை மணக்கும் போர் விமானம்

உன் விமானத்தில் எலுமிச்சை வாசனை அடிக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை. என் மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. இறக்கையில் ஒரு கறை இல்லை. எண்ணெய் ஒழுகிய கோடு இல்லை. வால் பக்கம் இரண்டு எஞ்சின்களைச் சுற்றி நீ மாதக்கணக்கில் ஏற்றிய கரியும் இல்லை. உன் மனைவி ஸ்டெல்லா எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டாள். நீ இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். நீ இல்லாததால் கத்துகிற வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு உன் மேல் கோபம். செத்துப்போனவனுக்கு எழுதும்போது இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்பார்கள். ஆரம்பித்துவிட்டேன்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், ஐம்பதைத் தாண்டிய பிறகு பிளாஸ்டிக் விமானம் ஒட்ட உட்கார்ந்தோம். நீ சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் குழாய் பழுது பார்க்கிறவன். நான் அலோர் காஜாவில் லாரிக்கு உதிரிபாகம் விற்கிறவன். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் தாமான் குடியிருப்பில் உன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். நம் மலேசிய விமானப்படை பறக்கவிடும் அதே சுகோய், அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அப்படியும் ஒரு ஆள் தூக்கினால் இரண்டு கையும் வேண்டும்.

ஒட்டி முடித்துச் சாம்பல் வண்ணம் அடித்ததும் என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. உனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. "இது கடையில வெச்ச விமானம் லா. பறந்த விமானம் இல்ல. ஓடுற மெஷின்னா ஒழுகும்" என்றாய். அன்றிலிருந்து அதை அழுக்காக்குவதே உன் பிழைப்பாகிவிட்டது. எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் கரைத்து மூட்டு மூட்டாக விட்டாய். கறுப்புப் பேஸ்டல் சுண்ணக்கட்டியைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளைத் தூரிகையால் தட்டித் தட்டிப் புகையாக ஏற்றினாய். சூடுபட்ட உலோகம் முதலில் மஞ்சளாகும், பிறகு ஊதா, அதற்குப் பிறகுதான் நீலம் என்று எஞ்சின் வாயில் ஒரு மயிர்த் தூரிகையோடு மல்லுக்கட்டினாய்.

கோலா சுங்கை பாருவுக்குச் சுட்ட மீன் சாப்பிடப் போன நாள் நினைவிருக்கிறதா? மீன் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. நீ படகுத்துறையில் குந்தி, ஒரு பழைய படகின் ஆணியிலிருந்து துரு எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். படகுக்காரப் பெரியவர் வந்து, வாங்கப் போகிறாயா என்று மலாயில் கேட்டார். துருவை மட்டும் தருவீர்களா என்று நீ கேட்டாய். அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பொருத்தமானவன்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

நீ ஒன்றும் சாதுவும் இல்லை. ஒருநாள் நீ தேநீர் கலக்கப் போயிருந்தபோது, ஆசைப்பட்டு இடது இறக்கையில் நானும் நாலு அழுக்குக் கோடு இழுத்தேன். திரும்பி வந்து பார்த்த உன் முகம் கறுத்தது.

"காத்து எந்தப் பக்கம்டா அடிக்கும்? பறக்கறப்ப அழுக்கு பின்னாலதான் ஓடும். நீ இறக்கை நுனியப் பாத்து இழுத்து வெச்சிருக்க. இது என்ன, பக்கவாட்டுலயா பறக்குது?"

மொத்த இறக்கையையும் துடைத்துப் போட்டாய். என்னோடு பல வாரம் பேசவில்லை. கடைக்கு வந்தும் என் பையனிடம் பேசிவிட்டுப் போனாய்.

அழுக்கெல்லாம் ஏற்றிய பிறகு மேலே ஒரு மங்கல் வார்னிஷ் அடித்தால் போதும், தண்ணீர் பட்டாலும் கலையாது. அதைத்தான் நான் வாராவாரம் சொன்னேன். "இன்னும் முடியல லா. அடுத்த வாரம்" என்பாய். அந்த நாட்களில்தான் இருமலும் வந்தது. கிளினிக் போடா என்றேன். அதற்கும் அடுத்த வாரம். போதாததற்கு, "ஒண்ணும் இல்ல, ஸ்டெல்லா ராவெல்லாம் கொசுவத்தி ஏத்தி வைக்கிறா, அதான்" என்றாய். நான் நம்பினேன். ஒரு மனுஷி புருஷன் நெஞ்சைப் புகைபோட்டுக் கெடுக்கிறாளே என்று அவள் மேல் எரிச்சல்பட்டேன். அவளும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வாங்க என்றுகூடச் சொல்ல மாட்டாள். பார்த்தாயா, குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஆம்புலன்சில்தான் போனாய். நுரையீரலில் இருந்தது எல்லா இடமும் பரவிவிட்டது என்றார்கள். உன் அடக்கத்தன்று போதகர் உன்னைப் பொறுமையின் வடிவம் என்றார், கோபமே அறியாதவர் என்றார். பெட்டியில் படுத்திருப்பது நீதானா என்று எட்டிப் பார்த்தேன்.

போன வாரம் உனக்கு ஓராண்டு ஜெபக்கூட்டம். உன் வீட்டு ஹாலில் வெள்ளைத் துணி விரித்த மேசை, உன் படம், பக்கத்தில் பளபளவென்று இந்த விமானம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே சமையலறைக்குப் போனேன். ஸ்டெல்லா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது தூசி இல்ல ஸ்டெல்லா. அவன் கையால வெச்சது."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சா கழுவின?"

"தெரிஞ்சுதான் கழுவினேன்." அவள் திரும்பவே இல்லை. "அந்தப் பெயிண்ட் வாசனையாலதான் இருமுறேன்னு சொன்னாரு. உடம்பு போனாலும் அத விட மாட்டேன்னுட்டாரு. நீங்கதான வாங்கிட்டு வந்து குடுக்கறது? உங்களத் திட்டாத நாளில்ல. அவரும் போயிட்டாரு. அது மட்டும் தினம் என்னப் பாத்துக்கிட்டு நிக்கிது. சோப்பு போட்டுத் தேச்சேன். என்னா இப்ப?"

"பெயிண்டா? என்கிட்ட நீ ஏத்துற கொசுவத்தின்னு சொன்னான்."

அவள் கை நின்றது. "நான் கொசுவத்தி ஏத்தி எத்தன வருசமாச்சு. பிளக்குல சொருகுற மெஷின்தான் அண்ணே."

குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஒரு எக்ஸ்ரேக்குப் பயந்து நீ இத்தனையும் செய்திருக்கிறாய். பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்போம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிடக் கூடாது என்றுதானே எங்களை எதிரியாக்கினாய்? அவள் திட்டியதும் வீண், நான் எரிச்சல்பட்டதும் வீண். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிக்க அவசரமும் இல்லை.

ஹாலில் பாட்டு முடிந்து, நண்பர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று போதகர் என்னைக் கூப்பிட்டார். ஸ்டெல்லா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லவருன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துராதீங்க" என்றாள்.

ஹாலுக்குப் போய் நின்றேன். "அவன் பிடிவாதக்காரன். முன்கோபி. இருமல் எதனாலன்னு பொஞ்சாதிகிட்ட ஒரு பொய், கூட்டாளிகிட்ட ஒரு பொய் சொன்னான். அந்தப் பொய்யாலதான் இன்னிக்கு இந்த மேசையில படமா இருக்கான். அவன் இல்லாம சனிக்கிழமை எனக்குப் பிடிக்கல" என்றேன்.

போதகர் பைபிளைப் பார்த்தார். அப்போது சமையலறை வாசலிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் மட்டும் வந்தது.

"ஆமென்."

கிளம்பும்போது விமானத்தை அவளே தூக்கி வந்து என் வண்டியில் வைத்தாள். "பழையபடி ஆக்கிக் குடுங்க அண்ணே. வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

ஆக்கிக்கொண்டிருக்கிறேன். உன் கை எனக்கு வராது, எஞ்சின் வாயில் மஞ்சளும் ஊதாவும் கலந்து சேறாகிறது. கரிக்கு நீ சுரண்டி மிச்சம் வைத்த அதே தூள்தான். ஆனால் கோடெல்லாம் பின்னாலேயே ஓடுகிறது, வந்து பார்த்துக்கொள். இடது இறக்கை முடிந்துவிட்டது. முடிந்த கையோடு வார்னிஷும் அடித்துவிட்டேன், அடுத்த வாரம் என்று வைக்கவில்லை. மற்றதையும் அப்படித்தான் செய்வேன். பிறகு ஸ்டெல்லா எந்தச் சோப்பைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும், நீ போகமாட்டாய்.