ஏழு படிப்புகளும் ஒரு பொய்யும்

நன்னிலம்,
07.08.2025, வியாழன்.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுமையா எழுதுகிறேன். இங்கே மாமியும் நானும் நலம். நீங்களும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். கோபத்தில் இருந்தாலும் அதில் ஒரு வேளையைக்கூட விடவில்லை.

ஒரு வாரமாக நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று மாமியிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். கடைசியில் தப்பு செய்தது நான்தான் என்பது போலப் பேச்சு முடியும். கல்யாணமான இந்த நாலு வருடத்தில் எத்தனையோ முறை அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால்தான் கடிதம். ஜெய்னுலாபுதீன் மாமா சனிக்கிழமை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். கூட வரும் நார்த்தங்காய் ஊறுகாய் மாமி போட்டது. நான் எதுவும் வைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த பொதுச் சுகாதார எம்.எஸ்சி. சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது.

அஃப்ரீனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மார்ச் மாதம் தஞ்சாவூரில் நுழைவுத் தேர்வு எழுதியபோது பக்கத்து நாற்காலியில் இருந்த மயிலாடுதுறைப் பெண். போன வாரம் போன் செய்து, "ஏன் நீ வந்து சேரல? முதல் லிஸ்ட்ல என் பேருக்கு மேல உன் பேரு இருந்துச்சே" என்றாள். அவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். ஏனென்றால் ஜூன் மாதம் நீங்கள்தான் பார்த்துச் சொன்னீர்கள், லிஸ்டில் என் பெயர் இல்லை என்று. அன்று நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன். நீங்கள் வேலைக்கு நடுவில் மூன்று முறை கூப்பிட்டு, "விடு சுமி, அல்லாஹ் இதைவிட நல்லதா வச்சிருப்பான்" என்றீர்கள். சீட்டை ரத்து செய்த கையோடு அல்லாஹ் பெயரைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மறுநாள் லேபில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானே பஸ் ஏறிப் போனேன். வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் அரை மணி நேரம்தான். அட்மிஷன் பிரிவில் குஞ்சிதபாதம் என்று ஒருவர் இருந்தார். என் விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். சீட் ஒதுக்கப்பட்ட மூன்றாம் நாள் "விருப்பமில்லை" என்று பதிவாகியிருந்தது. ஓ.டி.பி. போய், சரிபார்த்து, எல்லாம் முறைப்படி. "நீங்கதானேம்மா வேணாம்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

படிவத்தில் இருந்தது உங்கள் நம்பர். நீங்கள்தான் அங்கிருந்து நிரப்பினீர்கள். இந்த மாதிரி படிவமெல்லாம் உங்களுக்குத்தான் நன்றாக வரும் என்று நான்தான் பெருமையாகக் கொடுத்தேன்.

அவர் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமா சார், அப்ப வேற யோசனையில இருந்தேன்" என்றேன். என் புருஷன் என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு அந்நிய மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் சொன்ன பொய்க்கு நானும் ஒரு பொய் சொல்லி முட்டுக் கொடுத்தேன். சீட் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இப்போது உங்கள் எக்செல் ஷீட்டைப் பற்றி. பெயர் இல்லை என்று சொன்ன இரண்டாம் நாளே அனுப்பினீர்களே, ஏழு மேற்படிப்புகளை வரிசையாகப் போட்டு, எத்தனை வருடம், என்ன வேலை, வளைகுடாவில் மதிப்பு உண்டா, விசா கிடைக்குமா என்று கட்டம் கட்டி. ஆன்லைன் எம்.பி.ஏ.வுக்குப் பச்சை. பொதுச் சுகாதாரம் எம்.எஸ்சி.க்குச் சிவப்பு. அதைப் பார்த்து, நம் மேல் இவ்வளவு அக்கறை எடுத்து உட்கார்ந்து செய்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். அந்தச் சிவப்புக் கட்டத்தில் எனக்கு ஒரு இடம் இருந்ததும், அதை நீங்கள் அழித்துவிட்டு வந்துதான் அந்த ஷீட்டைத் தயாரித்ததும் எனக்கு அப்போது தெரியாது.

உங்கள் கணக்கு முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் விசாரித்தேன். இந்தப் படிப்பை முடித்த நாலு பேரிடம் பேசினேன். இரண்டு பேருக்கு மாவட்டச் சுகாதாரத் திட்டங்களில் வேலை, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். ஒருத்தி சென்னையில் ஆராய்ச்சித் திட்டத்தில் இருக்கிறாள். ஒருவருக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. அதையும் மறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் எம்.பி.ஏ. மட்டும் என்ன செய்துவிட்டது? உங்கள் சாச்சா மகன் ஷேக் பரீத் எம்.பி.ஏ. முடித்துவிட்டு மயிலாடுதுறையில் செல்போன் கடையில் சிம் விற்கிறார். நீங்கள் எம்.காம். முதல் வகுப்பு. குடோனில் பால் டின்னுக்குத் தேதி பார்க்கிறீர்கள். இந்த வரியை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். உங்களைக் குத்திக்காட்ட இல்லை. பச்சைக் கட்டத்தில் இருந்த படிப்பு நம் வீட்டில் யாருக்கும் எதுவும் தந்துவிடவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் ஏன் இதைத்தான் படிக்க வேண்டும் என்று நின்றேன் என்பதையும் எழுதுகிறேன். போனில் சொன்னபோது நீங்கள் "ம்" என்றீர்கள், அவ்வளவுதான். போன வருடம் சம்பா நடவு முடிந்த சமயம் அமிர்தம் என்ற அக்கா காய்ச்சலோடு லேபுக்கு வந்தார்கள். நடவுக்குப் போகிறவர்கள். கெண்டைக்கால் வலிக்கிறது என்று உட்கார முடியாமல் நின்றார்கள். டெங்குவுக்கு ரத்தம் எடுத்தேன், இல்லை. இரண்டு நாள் கழித்து டைபாய்டுக்கு எடுத்தேன், இல்லை. மூன்றாவது முறை ரத்தம் எடுத்தபோது கண் மஞ்சளாக இருந்தது. அதே எட்டு நாளில், அதே தெருவிலிருந்து, அதே வலியோடு இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். நாலு பேரின் டெஸ்ட் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே நோய் என்று தோன்றியது. லேப் முதலாளியிடம் சொன்னேன். "டாக்டர் எழுதின டெஸ்ட்ட மட்டும் பாரும்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, லேபின் வேலை அதுதான். தஞ்சாவூருக்குக் கொண்டுபோன பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். வயல் தண்ணீரில் நின்று நின்று வந்தது. மற்ற மூன்று பேரும் பிழைத்தார்கள். அமிர்தம் அக்கா பிழைக்கவில்லை.

மூன்று முறை அந்தக் கையில் ஊசி போட்டவள் நான். எந்தத் தெரு, யார் வயல், எந்த வாய்க்கால் தண்ணீர் என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரிடம் கேட்பது, கேட்டு எங்கே சொல்வது என்று தெரியவில்லை. அதைக் கேட்பதுதான் அந்தப் படிப்பில் பாடமே. உங்கள் ஷீட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அன்று மாமியிடம் சொன்னேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று என்மேல் பாய்வார்கள் என்று நினைத்து, அதற்கும் பதில் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். மாமி தலையைத் தூக்கவே இல்லை. "தெரியும்" என்றார்கள்.

அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஜூன் மாதமே. அழுதீர்களாம். "இன்னும் ரெண்டு வருஷம் இப்படித் தனியா இருக்க முடியாதும்மா, எம்.பி.ஏ.ன்னா ஒரு வேலையைக் காட்டி அவளை இங்க கூட்டிக்கலாம், அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று சொன்னீர்களாம். மாமி இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, "என்மேலயும் தப்பு இருக்கு" என்றார்கள்.

அதைக் கேட்டதும் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை, கோபம் இரண்டு மடங்கானது. அம்மாவிடம் அழத் தெரிந்த உங்களுக்கு என்னிடம் அழத் தெரியவில்லையா? எனக்கு மட்டும் கட்டம் கட்டிய ஷீட்டா? நாலு வருடத்தில் நாம் சேர்ந்து இருந்தது மொத்தம் ஏழு மாதம். அது எனக்கு மட்டும் வலிக்காதா? "நீ இல்லாமல் முடியவில்லை, வா" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், சீட்டை நானே என் கையால் விட்டிருப்பேனோ என்னவோ. விட்டிருக்க மாட்டேனோ, தெரியாது. ஆனால் அது நான் யோசித்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பைத்தான் நீங்கள் என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மீதி இடங்களுக்குத் திங்கட்கிழமை நேரடிச் சேர்க்கை இருப்பதாகக் குஞ்சிதபாதம் சார் சொல்லியிருந்தார். எல்லா அசல் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமி புர்கா போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். "நானும் வர்றேன்" என்றார்கள். என் பாடத்தில் இரண்டு இடம் காலி. பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். மதியம் மூன்று மணிவரை பெயர் கூப்பிடவில்லை. மாமி நடையில் தரையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது இடம். படிவத்தில் தொலைபேசி எண் கேட்டிருந்த இடத்தில் என் எண்ணை எழுதினேன்.

ஆக, நான் சேர்ந்துவிட்டேன். உங்களிடம் அனுமதி கேட்டு இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆன்லைன் எம்.பி.ஏ.வில் என் பெயரைப் பதிந்திருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள். தினமும் வீட்டிலிருந்துதான் போய் வருவேன். மாமியின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். அவர்களை எதுவும் கேட்காதீர்கள். நாங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டோம்.

இரண்டு வருடம் என்பது எனக்கும் சின்னதில்லை. சென்ற பெருநாளுக்கு நீங்கள் வராதபோது புதுச் சேலையை மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்துவிட்டேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நானும் நிறைய விஷயங்களைச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறேன். ஆனால் உங்கள் பெயரில் நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

இனி எனக்குக் கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று என்னிடம் சொல்லுங்கள், சண்டை போடுவோம். தனியாக இருக்க முடியவில்லை என்றால் அதையும் என்னிடமே சொல்லுங்கள்.

வெயிலில் குடோனுக்கு வெளியே நிற்காதீர்கள். ராத்திரிச் சோற்றைத் தவிர்க்காதீர்கள். அல்லாஹ் உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் தெம்பு கொடுக்கட்டும்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. எப்போது ஆறும் என்று தெரியவில்லை. அதுவரை உங்கள் போனை எடுக்க மாட்டேன். நீங்கள் போன் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சுமையா