வீட்டைத் தூக்க வேண்டாம்

அன்புள்ள பெரியவனுக்கு,

முழங்காலுக்கு மேலே நானும் அப்பாவும் நலம். முழங்காலுக்குக் கீழே அப்பாவும் சரியில்லை, வீடும் சரியில்லை. நீயும் மருமகளும் பேத்தியும் தலை முதல் கால் வரை நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசி என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்த நீ ஏற்பாடு செய்த ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வீட்டைத் தூக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். கோபப்படாமல் மேலே படி.

நீ ஊரை விட்டுப் போகும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம், இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். வீடு எங்கேயும் போகவில்லை, ரோடுதான் வளர்ந்துவிட்டது. பழைய ரோட்டின் தலையில் புது ரோடு, அதன் தலையில் இன்னொன்று, ஓட்டுக் கேட்க வரும்போதெல்லாம் ஒரு பூச்சு. இதற்குப் பேர் ஊர் முன்னேறுகிறதாம். முன்னறை ஜன்னல் ரோட்டுக்குச் சமமாகிவிட்டது. அப்பா கட்டிலில் படுத்தபடி, போகிறவர்களின் செருப்பைப் பார்த்தே இன்னார் என்று சொல்கிறார், அதில் அவருக்குப் பெருமை வேறு. எனக்குக் குமட்டுகிறது. எவனாவது காறித் துப்பினால் நம் ஜன்னல் கம்பியில் வழிகிறது. போன வாரம் ஒருத்தன் சாவகாசமாக நின்று ஜன்னலை ஒட்டி ஒன்றுக்குப் போனான், உள்ளே மனுஷங்க இருக்கோம்டா என்று கத்தினேன், குனிந்து பார்த்துவிட்டு, வீடுன்னு தெரியலைங்க, சாக்கடைன்னு நினைச்சிட்டேன் என்றான். அவன் பேரில் தப்பே சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இடது பக்கத்துப் பேங்க்காரர் போன வருஷம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினாரே, அன்றிலிருந்து அவர் வாசலில் நின்ற மழைத் தண்ணீர் மொத்தமும் நம் வீட்டுக்குள் வருகிறது. தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தெருவில் உள்ள கக்கூஸ் கழிவெல்லாம் அதில்தான் மிதக்கும். அலசி அலசி என் கைத்தோல் உரிந்துபோய், சோறு பிசைந்தால்கூட அந்த நாற்றம் விரலிலேயே இருக்கிற மாதிரி இருக்கும். அவரானால் மாடியில் நின்றுகொண்டு, நீங்களும் தூக்கிடுங்கம்மா, நிம்மதியா இருக்கலாம் என்று யோசனை சொன்னார். அன்றைக்கு அந்த மனுஷனை நான் திட்டாத திட்டில்லை. இப்போது நீ அனுப்பிய மேஸ்திரி வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, தூக்கிட்டோம்னா உங்க தண்ணி எல்லாம் அப்படியே அந்தப் பக்கம் போயிடும் என்று வலது பக்கமாகக் கையை நீட்டினார். அந்தப் பக்கம் தையல்காரம்மா இருக்கிறாள். ஒற்றை அறை, அதுவும் வாடகை, அந்த வீட்டுக்காரன் ஒரு ஆணிகூட அடித்துத் தரமாட்டான். நம் ஜன்னல் திரையைத் தைத்து எடுத்துக்கொண்டு அவள் அப்போதுதான் வாசலில் வந்து நின்றாள், எல்லாம் காதில் விழுந்தது. திரையை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய், தையல் மெஷின் கால்களுக்கு அடியில் ஏற்கெனவே இருந்த செங்கல்மேல் இன்னும் ஒவ்வொரு செங்கல் வைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பேங்க்காரரை நான் திட்டியதெல்லாம் திரும்பி வந்து என் காதிலேயே விழுகிற மாதிரி இருந்தது. மேஸ்திரியை அப்போதே கிளம்பச் சொல்லிவிட்டேன்.

வேறு என்னதான் செய்வது என்று கேட்பாய். நீ கடல் தாண்டிப் போய் அங்கே என்ன வேலை பார்க்கிறாய், பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கிற மெஷினை ஓட்டுகிறாய். சுரண்டிய பிறகுதான் புதுத் தார், எத்தனை வருஷமானாலும் வாசல்படி வாசல்படியாகவே இருக்கும்மா என்று நீதானே சொன்னாய். நம் தெருமுனையில் மறுபடி தார் போட ஆள் வந்தபோது கான்ட்ராக்டரிடம் போய், சுரண்டிட்டுப் போடுங்க என்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு, அதெல்லாம் பணக்கார நாட்டுலம்மா, நம்ம ஊருக்கு அந்த மெஷின் எங்கே வரப்போகுது என்றான். அங்கே அந்த மெஷினை ஓட்டுறதே என் பையன்தான் என்றேன். அப்ப அவனையே வந்து சுரண்டச் சொல்லுங்க என்று அவன் சிரிக்க, கூட நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் அப்பாவின் முட்டி வலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற அந்த ஆஸ்பத்திரி ரோட்டில் நீ போட்டோவில் அனுப்பிய அதே மெஷின் சுரண்டிக்கொண்டு போகிறது, பக்கத்தில் குடையோடு நிற்கிறான் அதே கான்ட்ராக்டர். பணக்கார நாடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், நாலு ஸ்டாப் தள்ளித்தான் இருக்கிறது. இதோடு போகட்டும் என்று வீடு திரும்பினால் நம் தெருமுனையில் ஒரு லாரி கொட்டிக்கொண்டிருக்கிறது, என்னவென்று பார்த்தால் அங்கே சுரண்டிய பழைய தார். அதை இங்கே பரப்பி, அதன் மேல்தான் நமக்குப் புது ரோடாம். அவர்கள் ரோட்டைத் தாழ்த்த எடுத்த கழிவு நம் வாசலை மூடுவதற்கு வருகிறது. எச்சில் இலையை எடுத்து என் மடியில் போட்ட மாதிரி இருந்தது.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுரோட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா தன் ஸ்டூலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா ஜன்னலிலிருந்து, உள்ளே வாடி, மானம் போகுது என்றார். ஜன்னலில் ஒருத்தன் ஒன்றுக்குப் போனபோது போகாத மானமா என்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கொட்டியதை வாரிக்கொண்டு லாரி போய்விட்டது. மழை முடிஞ்சு வர்றேன், அப்பவும் இப்படித்தான் உட்காருவீங்களா பார்ப்போம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போனான். தெருவே இப்போது என்னைத்தான் கரித்துக்கொட்டுகிறது, வந்த ரோட்டைக் கெடுத்தவள் என்று. பேங்க்காரர் கார் குழியில் இறங்கும்போதெல்லாம் நம் வீட்டை ஒரு முறை முறைக்கிறார். முறைக்கட்டும்.

இந்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும், எனக்குத் தெரியும். அப்பா கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்தாகிவிட்டது, தையல்காரம்மாதான் வந்து வைத்துக் கொடுத்தாள். ஜாக்கிக்கு என்று நீ எடுத்து வைத்ததில் டிக்கெட் எடு, மழை முடிந்ததும் லீவு போட்டு வா. உன்னை வந்து சுரண்டச் சொல்லியிருக்கிறான் அல்லவா, வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனிடம் நீயே பேசு. பேத்தியை வெறுங்காலோடு விடாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மழை பெய்ததும் போன் பண்ணி, தண்ணி போயிடுச்சாம்மா என்று கேட்பாயே, இனிமேல் யார் வீட்டுக்குப் போச்சு என்றும் சேர்த்துக் கேள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா