மேடைக்கு ஒரு கோட்டு

என் குட்டிம்மாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். என் ஊசியும் நூலும்கூட நலம். கையெழுத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கும், இது அம்மா எழுதியதில்லை. கை நடுங்கத் தொடங்கியபின் நானே எழுதும் முதல் கடிதம். எல்லாம் உன் மருந்து செய்த வேலை!

உனக்கு உலகப் பரிசு என்ற செய்தி வந்ததும் அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் தெருவுக்கு ஓடினாள். "நம்ம பொண்ணுதாங்க, நம்ம பொண்ணேதான்!" என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார். மனிதகுலத்தின் நோய் தீர்க்கும் ஆராய்ச்சிக்கான பரிசு என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, "மனிதகுலம்னா யாருங்க?" என்று கேட்டார். "வேற யாரு, நான்தான்" என்றேன். தப்பா?

தொலைக்காட்சியில் உன்னைக் காட்டினார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் கோட்டைப் பார்த்தேன். கடையில் வாங்கியதுதானே? வலது தோள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. தையற்காரன் மகள் அந்தக் கோலத்தில் மேடை ஏறினால் என் மானம் கப்பலேறிவிடும். உடனே துணி வாங்கி, துருப்பிடித்த கத்தரிக்கோலைத் தீட்டி எடுத்தேன். வெட்டும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு பிசகவில்லையடி!

ஒன்று சொல்ல வேண்டும். நடுக்கத்தையே நீ அடியோடு ஒழித்துவிட்டதாகச் செய்தித்தாளில் அளக்கிறார்கள். சாயங்காலம் மாத்திரையின் வேகம் குறைந்ததும் விரல்கள் ஆட்டம் போடத்தான் செய்கின்றன. மேடையில் அதையும் மறைக்காமல் சொல்.

அப்புறம், நீ ஏன் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். மருந்தைச் சோதித்துப் பார்த்த காலத்தில், சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதியைச் சொல்லி என்னை ஒதுக்கி வைத்தாய். அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைக்கிறாய். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரையும் போலக் காத்திருந்து, வரிசையில் நின்று வாங்கிய மாத்திரை இது. அதனால்தான் உன்னைப் பற்றி யாரிடமும் தலை நிமிர்ந்து பேச முடிகிறது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா?

கோட்டு தயார். கையின் ஓரம் மட்டும் மடித்துத் தைக்கவில்லை. உன் அளவு எனக்கு மனப்பாடம்தான். ஆனாலும் நீ நேரில் வந்து போட்டுக் காட்டாமல் தைக்க மாட்டேன். காலையில் வந்து இறங்கு. என் கை நன்றாக இருக்கும்.

நீ நன்றாயிரு, மகளே.

ஊசியில் நூல் கோத்து வைத்துக் காத்திருக்கும்,
அப்பா