இரண்டரை மில்லி மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு, சோலாஞ்ஜ் எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே கால்கரியில், மருந்துச் சீட்டு அச்சடிக்கும் எங்கள் மென்பொருளில் ஒரு சின்னக் குழப்பம். ஒரு டாக்டர் நம் கியூபெக் வழக்கப்படி தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்து 2,5 மில்லி என்று பதிந்தாராம். ஆங்கிலச் சீட்டில் காற்புள்ளி விழுந்து அது 25 ஆகிவிட்டது. மருந்துக்கடை டார்லீன் மருந்தைக் கொடுக்காமல் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

“ஏம்மா, இது குழந்தைக்கா, குதிரைக்கா?”

உடனே சீட்டைத் திறந்து பார்த்தேன். அன்றே சரிசெய்துவிட்டோம். குழந்தை நலம். மேலாளரும் திட்டவில்லை, “நாம எல்லாருமே பார்க்காம விட்டுட்டோம்” என்றார். டார்லீனுக்குக் கேக் கொண்டுபோனேன். அவள் கட்டிப்பிடித்ததும் விடவே மனம் வரவில்லை.

பட்டாணி சூப் எப்படி வைப்பது என்று சொல்லேன். எழுதாதே அம்மா, உன் குரலில் பதிந்து அனுப்பு. நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது.

உன் சோலாஞ்ஜ்