உவர்க்கிணற்றுத் தண்ணீர்

4.5.1982, செவ்வாய்

முல்லைத்தீவுத் தொலைபேசிக் கோபுரத்தின் மூன்றாவது காலுக்குக் கிடங்கு வெட்டி முடிந்தது. நாலு காலில் இரண்டுக்குக் கொங்கிறீட் போட்டாயிற்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

சிவலட்சுமி பளையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். ‘நிரந்தரமாக்கிற கடிதம் எப்ப வரும்? ஆக்கள் கேக்கினம்.’ ஆட்கள் கேட்கிறார்களாம்! ஆறு வருடமாகக் கட்டட வேலையை மேற்பார்க்கும் தற்காலிக ஓவசியராக இருக்கிறவனுக்குத் தெரியாததா? எஞ்சினியர் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதினால் போதும்.

6.5.1982

மூன்றாவது காலுக்குக் கொங்கிறீட் போட்டோம். பாதிக் கிடங்கு நிரம்பும்போது தண்ணீர் முடிந்துவிட்டது. தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர் முள்ளியவளையில் உடைந்து நிற்கிறதாம். பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாது. அடித்ததை வெட்டி எறியவேண்டும். பிறகு எஞ்சினியருக்கு விளக்கம் சொல்லவேண்டும்.

பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது. உவர். கால் கழுவினாலே உப்புப் படியும்.

ஆண்டியப்பன் வாளியோடு வந்து நின்றான். தலைமை மேசன் அவன்தான். மாத்தளைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வந்து கண்டாவளையில் குடியிருக்கிறான். “ஐயா, இது உப்புத் தண்ணிங்க. உள்ள கம்பி துருப்புடிச்சிரும்.”

தெரியும். தெரியாதவனா நான்?

“உந்தக் கிணத்துத் தண்ணியை விடு” என்றேன்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “ஊத்தவாங்கய்யா?” என்று திரும்பக் கேட்டான். தலையாட்டினேன். மூன்று மணிக்குக் கிடங்கு நிரம்பிவிட்டது.

7.5.1982

பவுசர் வந்தது. நேற்றுப் போட்டதற்கு மேல் சாக்கு விரித்து நல்ல தண்ணீரால் நனைக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

19.5.1982, புதன்

எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே வேறு கதை சொல்லிக்கொள்வேன். அதனால் நடந்ததை நடந்தபடி.

எஞ்சினியர் சொல்லாமல் வந்தார். மூன்றாவது கால் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “என்ன தவராசா, இஞ்சை உப்பளம் நடத்திறீரோ? ஆர் உவர்த்தண்ணி விடச் சொன்னது?”

“நான் உந்தக் கிணத்துத் தண்ணியை விடு எண்டுதான் சேர் சொன்னனான்.”

ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவர் சிரித்தார். “அது சரி. விட்டிடு, தொடாதை எண்டு நீர் சொல்லியிருக்கிறீர். விடு எண்டால் ஊத்து எண்டு அவன் விளங்கியிருக்கிறான். எங்கட பாசை அவங்களுக்கு எங்கை பிடிபடப்போகுது?”

நான் செய்யவேண்டிய பொய்யை அவரே செய்து என் கையில் தந்தார். இல்லை சேர் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொல்லவில்லை.

நாலு வருடம் எங்களோடு வேலை செய்கிறவனுக்கு எங்கள் பேச்சில் விடு என்றால் ஊற்று என்று தெரியும். தெரிந்தும் திரும்பக் கேட்டான். நான் தலையாட்டினேன்.

ஆண்டியப்பனைக் கூப்பிட்டு எஞ்சினியர் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கொங்கிறீட் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு அப்படித்தாங்க காதுல விழுந்திச்சி” என்றான். தலையாட்டியதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவனையும், கல் சுமக்கிற அவன் மனைவி ராக்காயியையும் வேலையால் நிற்பாட்டியாயிற்று. நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள்.

20.5.1982

வெட்கம்.

28.5.1982

நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது. சிவலட்சுமிக்கு இன்னும் எழுதவில்லை.

3.6.1982

ஆறு பேர் சம்மட்டியால் மூன்றாவது காலை உடைக்கிறார்கள். புதிதாக வந்த மேசன் ஏரம்பு வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஆரய்யா இந்தக் கூத்தாடினது?”

“முந்தின மேசன்” என்றேன்.

அன்றைக்காவது எஞ்சினியர் எனக்காகக் கதைத்தார். இன்றைக்கு நானே சொன்னேன். கேட்டவர் ஆர்? என்ர வேலையைப் பறிக்கிற ஆளோ? ஒரு கூலி மேசன். அந்தாளுக்குக்கூட உண்மை சொல்ல வாய் வரேல்லை. சீ! என்ன பிறவியடா நீ?

6.6.1982, ஞாயிறு

கண்டாவளைக்குப் போனேன்.

ராக்காயி தேத்தண்ணீர் தந்தாள். இருக்கச் சொல்லிக் கதிரையைத் துடைத்தும் வைத்தாள். இருக்க முடியவில்லை. “அவருக்குக் காது மந்தமுன்னு எல்லாப் பக்கமும் பேச்சாப் போச்சிங்கய்யா. சொன்னது கேக்காத மேசன யாரு வேலைக்கு எடுப்பாங்க? வயல்ல பில்லுப் புடுங்கப் போயிருக்காரு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்னிடமே நியாயம் கேட்பதுபோலச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மனைவிக்கும் அவர் சொல்லவில்லை.

ஆண்டியப்பன் காலில் சேற்றோடு வந்தார்.

“ஆண்டியப்பன், நான் தலையாட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?”

“இருக்குங்க.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க.”

ராக்காயி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

8.6.1982

நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்து எஞ்சினியரிடம் கொடுத்தேன். வாசித்தார். “உமக்கென்ன விசரே? நிரந்தரம் வந்திட்டுது. வாயைப் பொத்திக்கொண்டு இரும்.”

“ஏலாது சேர். நிற்பாட்டின ரெண்டு பேரும் திரும்ப வேலைக்கு வரவேணும்.”

“அப்ப அவன் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. “நான் சொல்லுவன் எண்டு இருந்தவராம், சேர்” என்று சத்தமாகச் சொன்னேன். கந்தோர் மேசைகளில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

29.6.1982

நிரந்தரம் ரத்து. பழையபடி தற்காலிகம். ஆண்டியப்பனையும் ராக்காயியையும் திரும்ப எடுக்க உத்தரவு.

5.7.1982

சிவலட்சுமியின் கடிதம் இரண்டே வரி. ‘சொன்னது நல்லது. முதலே சொல்லியிருக்கலாம்.’

பெரிய கெட்டிக்காரத்தனம் செய்ததாக மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன்.

15.7.1982, வியாழன்

மூன்றாவது காலுக்கு இன்று மறுபடி கொங்கிறீட். பவுசர் விடியவே வந்து நின்றது. ஆண்டியப்பன் சிரித்துக் கதைத்தார். வயலில் அட்டை கடித்த காலைக் காட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

எத்தனை வாளி மணல், எத்தனை வாளி தண்ணீர் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கொப்பியில் கிழித்த ஒரு ஒற்றையை எடுத்து, நாலு விரலால் நீவி, என்னிடம் நீட்டினார்.

“கோவிச்சிக்காதீங்கய்யா. சொல்றத இதுல எழுதிக் குடுத்திருங்க.”

கோபமா? எனக்கா? சீமெந்துப் பையில் வைத்து எழுதினேன். அடியில் கையெழுத்தும் திகதியும் போட்டேன். ஆண்டியப்பன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பத்துப் பேர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்குள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கடைசிவரை வாசித்தார். கையெழுத்தையும் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்தினார்.

பிறகுதான் மெஷினை ஓட்டச் சொன்னார்.