ஹல்லாவுக்கு ஒரு மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கைத்தடி இல்லாமல் சமையலறைக்குக்கூடப் போகாதே. அது குணமாகும்வரை உன் நாயை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பயப்படாதே, நாங்கள் இருவரும் நலம். உன் ஹல்லா பின்சீட்டிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது. நார்வே எல்லையில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்லாந்து நாய்க்கு நாடாப்புழு மாத்திரை வேண்டாம் என்று உன்னிடம் அடித்துச் சொன்னேன் அல்லவா? நேராக வந்தால்தான் வேண்டாமாம். நான்தான் கப்பலேறி ஸ்வீடன் வழியாக வந்தேனே.

பின்லாந்திலிருந்து நேராகத்தான் வந்தோம் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுங்க அதிகாரி, ஹல்லாவின் கழுத்துப்பட்டையில் கப்பல்காரர்கள் கட்டிய சீட்டைப் பார்த்துவிட்டாள்.

"உங்க நாய் என்ன, ஸ்வீடனுக்கு மேல பறந்தா வந்துச்சு? மாத்திரை குடுத்து இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு வாங்க. ஒரு நிமிஷம் முன்னால வந்தாலும் விடமாட்டேன்."

ஸ்வீடன் பக்கத்துக் கால்நடை மருத்துவர் இன்று காலை பத்து நாற்பதுக்கு மாத்திரை கொடுத்து, நேரத்தையும் எழுதித் தந்தார். நாளை மதியம் ஒரு மணிக்கு நான் நார்வேயில் என் மருத்துவமனையில் வேலைக்கு நிற்க வேண்டும். எல்லையிலிருந்து இரண்டு மணி நேர வழி. இது மாத்திரையைக் கக்கிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதன் வாயையே பார்த்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறேன்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் உன்னைத் தேடுகிறது. உன் கம்பளிச் சால்வையைத் துவைக்காமல் தபாலில் அனுப்பு. அந்த வாசனை இருந்தால் தூங்கும்.

ஐயோ, இருமுகிறது. முடிக்கிறேன்.

ரையா

சால்வை இரண்டு அனுப்பு. இரண்டும் நாய்க்குத்தான்.