பனிக்குள் நின்ற தம்பி

கல்முனை
02.09.1985

அன்புக்குரிய ஆதம்பாவா காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் நீங்கள் நலமாயிருக்க உங்கள் தங்கச்சி ஜுனைதா துஆச் செய்கிறேன். வாப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. உம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டமாட்டேன்.

தம்பி ஜவுபர் வயலுக்குப் போகாமல் சுருண்டு படுத்துக் கிடக்கிறான் என்று முன்பு எழுதினேன். சோம்பல் என்று நீங்கள் ஏசி எழுதினீர்கள். இடம் மாறினால் தெளிவான் என்று, போன கிழமை என் மாப்பிள்ளை, உங்கள் மச்சான், பண்டாரவளைக்குக் கருவாடு ஏற்றிப்போன வேனில் நாங்களும் போனோம். மறுநாள் விடிய ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போனார்.

அது அரசாங்கம் காவல் காக்கும் மலைக்காடு. புல்வெளியில் மரை மான்கள் மேய்ந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெள்ளைக்காரர்களுமாக நல்ல கூட்டம். தம்பி ஒன்றையும் பார்க்கவில்லை.

உலக முடிவு என்கிற இடத்தில் மலை அப்படியே அறுந்து நிற்கிறது. வேலி இல்லை. நாங்கள் போய்ச் சேர பனி மூடிவிட்டது. திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணவில்லை. கத்திக் கூப்பிட்டேன். பனி கொஞ்சம் விலக, பாறையின் நுனியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றான். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் புல்லில் விழுந்தோம்.

“உடுங்க ராத்தா” என்றான். நான் விடவில்லை. பிறகுதான் அழுதான். சித்திரையில் தமிழாக்களுக்கும் நம் ஆக்களுக்கும் நடந்த கலவரத்தில் காரைதீவில் அவன் கூட்டாளி கனகரெத்தினத்தின் வீடு எரிந்ததல்லவா, அன்றைக்கு நடந்ததைச் சொன்னான்.

“நான் நெருப்பணைக்கத்தான் ஓடினன் ராத்தா. கொளுத்தின ஆக்களுக்குள்ள கனகரெத்தினம் என்னைக் கண்டுட்டான். நானும் அவங்களோட வந்தனெண்டு நினைச்சிட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டன். முகத்தத் திருப்பிட்டுப் போயிட்டான்.”

ஏழு போகம் ஒன்றாக வேளாண்மை செய்தவர்கள், காக்கா. நம் வீட்டில் அவன் சாப்பிடாத பெருநாள் உண்டா?

இப்போது தம்பி என் வீட்டில் இருக்கிறான். நேற்று இரண்டு வாய் சோறு தின்றான். என் மாப்பிள்ளை அவனைத் தனியே விடுவதில்லை. ஆனால் எத்தனை நாளைக்குக் காவல் இருக்க முடியும்?

கனகரெத்தினம் மட்டக்களப்பில் மாமன் வீட்டில் இருக்கிறானாம். விலாசம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தம்பி எழுத உட்கார்ந்தால் அவன் பேரை மட்டும் எழுதிவிட்டுக் கடதாசியைக் கிழித்துப் போடுகிறான். நாங்கள் போகலாமென்றால், கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் நம் ஆக்கள் போகப் பயம். உங்களைக் கனகரெத்தினமும் காக்கா என்றுதானே கூப்பிடுவான். நீங்கள் எழுதினால் நம்புவான். ஜவுபர் அணைக்கத்தான் வந்தான் என்று எழுதுங்கள்.

தம்பிக்கும் எழுதுங்கள். ஏச வேண்டாம். வயலைப் பற்றியும் கேட்க வேண்டாம். அவன் உங்களுக்கு வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், காக்கா. சுணங்க வேண்டாம்.

நம் மூவரையும் ஒரே வாசலில் உம்மா கண்ணால் காணும் நாளை அல்லாஹ் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சி ஜுனைதா